ஒரு மாதம், நான்கு காலம்: தோட்டக் கதைகளை வரலாற்றோடு வாசித்தல்



இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு படிவம் நான்கு வகுப்பில் ஒரு தோட்டச் சிறுகதையை வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். மூன்றாவது வரியிலேயே ஒரு மாணவன் நிறுத்திவிட்டான். "டீச்சர், பெரட்டுன்னா என்னா? பரோட்டாவா?" வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் மனசு உறுத்தியது. பாடாங் செராயில் பிறந்த பிள்ளை அவன். விக்டோரியா தோட்டமும் ஹென்ரியட்டா தோட்டமும் அவன் சைக்கிள் ஓட்டிப் போகும் தூரத்தில் இருக்கின்றன. அவன் பாட்டி முப்பது வருசம் பால்மரம் சீவியவர். அதிகாலை இருட்டில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தப் பெரட்டுக் களத்தில் அவர் தினம் நின்றிருப்பார். பேரனுக்கு அந்தச் சொல்லே தெரியவில்லை.

அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் வளர்ந்தது தாமான் வீட்டில். அப்பா, அம்மா இருவரும் கூலிம் பக்கம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. தோட்டத்தைப் பற்றி அவனிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. வரலாற்றுப் பாடநூலில் ரப்பர் வருகிறது, இந்தியத் தொழிலாளர் வருகையும் வருகிறது. ஆனால் பெரட்டு வராது. அது கதையில்தான் வரும்.

அன்று தொடங்கியதுதான் இந்த 'ஒரு மாதத் தோட்டக் கதை வாசிப்பு'. அதை எப்படித் திட்டமிட்டேன், எங்கே சறுக்கினேன், எந்தக் கதைக்கு எந்த வரலாற்றைப் பக்கத்தில் வைத்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது புதிய வேலை அல்ல

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கூடி உட்கார்ந்து கதை படிப்பதும் கதை எழுதப் பழகுவதும் இந்த நாட்டுத் தமிழர்களுக்குப் புதிதல்ல.

மலாயாவின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படும் க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' 1917-இல் வந்தது. 1924-இல் 'தமிழ் நேசன்', 1935-இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' என்று பத்திரிகைகள் வந்தன. ஆனால் அந்தக் காலத்தில் எழுதியவர்களில் பெரும்பாலோர் ஓரளவு படித்து, அலுவலகத்திலோ பள்ளியிலோ வேலை பார்த்தவர்கள். மரம் சீவியவர்கள் தங்கள் கதையைப் பாட்டாகத்தான் பாடி வைத்திருந்தார்கள்.

போருக்குப் பிறகுதான் நிலைமை மாறியது. 1950, 51-ஆம் ஆண்டுகளில் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். பத்திரிகையே பள்ளிக்கூடம் ஆனது. கதை என்றால் என்ன, எப்படிக் கட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதை நாடெங்கும் இருந்த இளைஞர்கள் நாளிதழ் வழியாகப் படித்தார்கள். பின்னாளில் பெயர் வாங்கிய எழுத்தாளர்கள் பலர் அங்கிருந்து வந்தவர்கள். 1952-இல் 'தமிழ் முரசு' மாணவர்களுக்காக 'மாணவர் மணிமன்றம்' தொடங்கியது. அதே ஆண்டு தமிழ்நாட்டிலிருந்து கு. அழகிரிசாமி 'தமிழ் நேசன்' ஆசிரியராக வந்து 1957 வரை இருந்தார். கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் கூட்டி, கதைகளைப் பேசவும் விமர்சிக்கவும் பழக்கினார். 1962-இல் எழுத்தாளர் சங்கம் பிறந்தது. 1986 முதல் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை சிறுகதைப் போட்டி நடத்தி, 'பேரவைக் கதைகள்' என்று நூலாகப் போட்டு வருகிறது.

இதை ஏன் சொல்கிறேன்? வாசிப்பு மாதம் என்றதும் பேனர், பரிசு, படம் எடுத்து அனுப்புவது என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். அந்தக் கதை வகுப்பில் வாரா வாரம் ஒரு பாடம் இருந்தது, ஒரு பயிற்சி இருந்தது. நமக்கும் அவ்வளவு போதும்.

முதல் வருசம் நான் செய்த தவறு

முதல் வருசம் நான்கு வாரத்துக்கு நான்கு நாவல் என்று போட்டுக் கொடுத்தேன். பட்டியல் பார்க்க அழகாக இருந்தது. இரண்டாம் வாரம் முடிவதற்குள் வகுப்பில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். மீதிப் பேர் கதைச் சுருக்கத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் பார்த்து எழுதினார்கள். குறிப்பேடு நிறைந்தது, வாசிப்பு நடக்கவில்லை.

அடுத்த வருசம் மூன்று விஷயங்களை மாற்றினேன்.

ஒன்று, நீளம். வாரத்துக்கு இரண்டு சிறுகதை, அல்லது ஒரு நாவலிலிருந்து இரண்டு அத்தியாயம். முழு நாவல் வேண்டும் என்பவர்கள் தாங்களே கேட்டு வாங்கிப் போவார்கள், போகவும் செய்தார்கள்.

இரண்டு, வரிசை. நூல் வெளிவந்த ஆண்டு வரிசையை விட்டுவிட்டு, கதை நடக்கும் காலத்தின் வரிசையில் வைத்தேன்.

மூன்று, ஒவ்வொரு கதைக்கும் பக்கத்தில் அரைப் பக்க வரலாற்றுக் குறிப்பு. கதையை முதலில் வாசித்துவிட்டுக் குறிப்பைப் பிறகு கொடுத்தேன். குறிப்பை முதலில் கொடுத்தால் கதை வெறும் உதாரணமாகிவிடுகிறது. கதையை முதலில் கொடுத்தால், "டீச்சர், இது நெசமா நடந்துச்சா?" என்று அவர்களே கேட்கிறார்கள். அந்தக் கேள்வி வந்த பிறகு கொடுக்கும் வரலாறு மனத்தில் தங்குகிறது.

முதல் வாரம்: லயம்

முதல் வாரம் சொற்களுக்கு. லயம், பெரட்டு, கங்காணி, மண்டோர், கிராணி, துரை, நிரை, மங்கு, ஆயாக் கொட்டகை. பொருளை நான் கரும்பலகையில் எழுதவில்லை. வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொன்னேன். பரோட்டா கேட்ட பையன் மறுநாள் வந்து சொன்னான்: "பெரட்டுக்குப் பிந்திப் போனா அன்னிக்கு வேல இல்லையாம் டீச்சர். பாட்டி ரெண்டு தடவ அழுதுக்கிட்டே திரும்பி வந்தாங்களாம்." எந்த அகராதியும் அவனுக்கு இதைச் சொல்லியிருக்காது.

கதைகளுக்கு, சை. பீர்முகம்மது தொகுத்த 'வேரும் வாழ்வும்' நல்ல தொடக்கம். மலேசியச் சிறுகதைகள் பல காலத்திலிருந்தும் அதில் கிடைக்கின்றன. நம் வட்டாரத்துக்கு சீ. முத்துசாமி கட்டாயம் வேண்டும். சுங்கை பட்டாணிக்காரர், 2017-இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது பெற்றவர். அவருடைய 'மண்புழுக்கள்' நாவலில் தோட்டத்துப் பேச்சு அப்படியே வருகிறது. மாணவர்களுக்கு முதலில் கடினமாக இருக்கும். வாய்விட்டு வாசித்தால் பிடிபடும், ஏனென்றால் அந்த மொழி பாதி அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. எம். குமாரனின் 'செம்மண்ணும் நீல மலர்களும்' குறுநாவல் என்பதால் ஆர்வமுள்ள மாணவர் ஒரு வாரத்தில் முடிக்கலாம்.

பக்கத்தில் வைத்த வரலாறு: 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏற்றம், கங்காணி முறையில் ஊரோடு ஊராக ஆள் சேர்த்தது, 1938-இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியது. இவ்வளவுதான், அரைப் பக்கம்.

நம் ஊரில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதியவரையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கே.எஸ். மணியம் பீடோங்கில் பிறந்தவர். 1981-இல் வந்த அவருடைய 'தி ரிட்டர்ன்' நாவல் இதே கெடா மண்ணில் ஓர் இந்தியக் குடும்பம் வேர் பிடிக்கப் பாடுபடுவதைச் சொல்கிறது. ஆங்கில ஆசிரியரோடு சேர்ந்து ஒரு பாடவேளை நடத்தலாம்.

இரண்டாம் வாரம்: சயாம்

மாணவர்கள் அதிகம் பேசியது இந்த வாரத்தில்தான்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவுக்குள் வந்தார்கள். 1942 நடுவிலிருந்து 1943 அக்டோபர் வரை சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். நல்ல சம்பளம், சாப்பாடு என்று நம்பிப் போனவர்களும் உண்டு, பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களும் உண்டு. காலரா, மலேரியா, பசி, அடி. திரும்பி வந்தவர்கள் குறைவு.

நம் மாநிலத்துக்கு மட்டும் உரிய ஒரு செய்தியையும் இங்கே சேர்த்தேன். 1943 அக்டோபரில் ஜப்பானியர் கெடா, பெர்லிஸ், கிளாந்தான், திரெங்கானு ஆகிய நான்கு மாநிலங்களையும் சயாமின் கையில் கொடுத்துவிட்டார்கள். 1945 வரை நாம் நிற்கும் இந்த மண் சயாமின் நிர்வாகத்தில் இருந்தது. வகுப்பில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

இந்த வாரத்துக்கு ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டிலிருந்தும் அத்தியாயங்கள். ஜப்பானியர் காலத்துத் தோட்ட வாழ்க்கைக்கு ரெங்கசாமியின் 'புதியதோர் உலகம்'. கெட்டிக்கார மாணவருக்கு ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்'. அதே போர்க்காலம்தான், ஆனால் பினாங்கு, வட்டிக்கடை, இந்திய தேசிய ராணுவம் என்று வேறு உலகம். தோட்டத்துத் தமிழரும் பட்டணத்துத் தமிழரும் ஒரே போரை எப்படி வேறு வேறாகச் சந்தித்தார்கள் என்று ஒப்பிட இது உதவும்.

நான் வைத்த கேள்வி ஒன்றே ஒன்று. ரயில் பாதையில் மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேல். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அவர்களில் ஆயிரக்கணக்கானோருக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு, இன்றும் போய்ப் பார்க்கலாம். மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. அவர்களுக்கு அப்படிப் பெயர் சொல்லும் கல்லறை வரிசை இல்லை. அப்படியானால் அவர்களை யார் நினைவில் வைத்திருப்பது?

ஒரு மாணவி கை தூக்கினாள். வீட்டில் கொள்ளுத் தாத்தாவின் அண்ணனைப் பற்றி "சயாமுக்குப் போனவரு" என்று மட்டும் சொல்வார்களாம். பெயர் கேட்டால் யாருக்கும் தெரியாது. படம் கிடையாது. வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. இந்த நாவல்கள் ஏன் எழுதப்பட்டன என்று அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பதிவேட்டில் எண்ணாகக்கூட நிற்காத ஆளுக்குக் கதை ஒரு பெயர் வைத்து, ஒரு வீடும் பசியும் கொடுத்து நடக்க விடுகிறது. அது கற்பனைப் பெயர்தான். ஆனாலும் அந்த இடம் காலியாக இல்லை.

மூன்றாம் வாரம்: கள்ளுக்கடை, சங்கம், துண்டாடல்

போர் முடிந்து திரும்பிய தோட்டத்து மக்கள் பழையபடி தலைகுனிந்து நிற்கவில்லை. இதற்குச் சாட்சி நம் வட்டாரமே. பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் 'தொண்டர் படை' உருவானது. முதல் குறி கள்ளுக்கடை. கூலி வாங்கிய கையோடு ஆண்கள் கள்ளுக்கடைக்குப் போவதை நிறுத்த வேண்டும் என்று மறியல் செய்தார்கள். 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் போலீசோடு மோதல், ஒரு தொழிலாளி உயிரிழந்தார். ஏப்ரலில் கூலிம் வட்டாரத்து டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு, அங்கும் ஒரு உயிர் போனது. டப்ளின் தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் இரண்டு மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு அங்கே உறவினர்கள் இருக்கிறார்கள்.

1948 முதல் 1960 வரை அவசரகாலம். அதற்கு ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை'. கதை சிலாங்கூரில் நடக்கிறது, ஆனால் ஒரு பக்கம் கம்யூனிஸ்டு, மறுபக்கம் ராணுவம் என்று நடுவில் மாட்டிக்கொண்ட மக்களின் நிலை எல்லா மாநிலத்துக்கும் பொது.

அடுத்து துண்டாடல். 1950-களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். வேலையோடு வீடும் போனது, பள்ளியும் கோவிலும் தத்தளித்தன. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து அறிக்கை எழுதினார். 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடமே பணம் திரட்டித் தோட்டம் வாங்கினார். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். இதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். துண்டாடல் கதை என்றால் கண்ணீர் மட்டும்தான் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது.

இதற்கு அகிலனின் 'பால்மரக் காட்டினிலே'. தமிழ்நாட்டு எழுத்தாளர், இங்கே வந்து பார்த்துவிட்டு எழுதினார். அதிலிருந்து ஓர் அத்தியாயத்தையும் சீ. முத்துசாமியிடமிருந்து ஒரு கதையையும் அடுத்தடுத்து வைத்து வாசியுங்கள். வெளியிலிருந்து வந்து பார்த்தவர் எதைக் கவனித்தார்? உள்ளேயே வளர்ந்தவர் எதைச் சொல்கிறார்? ஒரே லயத்தை இரண்டு பேரும் ஒரே மாதிரியாகவா காட்டுகிறார்கள்? ஒரு பாடவேளை முழுக்க விவாதம் ஓடும்.

நான்காம் வாரம்: தோட்டத்தை விட்டு வெளியே

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயம் போய்த் தாமான் வந்தது. 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. நம் மாணவர்களின் பெற்றோர் பலர் இப்போது அங்கேதான். இந்த வாரத்துக்கு 'பேரவைக் கதைகள்' தொகுதிகளிலிருந்து தேர்ந்தெடுங்கள். எழுதியவர்களில் பலர் மாணவர்களாக இருந்தபோதே எழுதியவர்கள் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெம்பு தரும். சுங்கை பட்டாணியைச் சேர்ந்த, ஆசிரியராகவும் இருக்கும் கே. பாலமுருகன், லூனாஸில் பிறந்த ம. நவீன் இருவரின் சிறுகதைகளிலும் நம் தெருக்கள் வருகின்றன.

ஒரு எச்சரிக்கை. நவீனின் 'பேய்ச்சி' நாவலுக்கு லூனாஸ்தான் களம். 1981-இல் அங்கே விஷச் சாராயத்தால் பலர் மாண்ட நிகழ்வு அதன் பின்னணி. ஆனால் அந்நூலை உள்துறை அமைச்சு 2020 டிசம்பரில் தடை செய்தது. எனவே வகுப்புப் பட்டியலில் அது இல்லை. மாணவர் கேட்டால் மழுப்பாமல் இதையே சொல்லுங்கள். எந்தக் கதையையும் பட்டியலில் போடுவதற்கு முன் நாமே முழுமையாக வாசித்துவிட வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன். சிறுகதையானாலும் சரி, நண்பர் சிபாரிசு செய்தாலும் சரி.

இறுதி வாரப் பயிற்சி எளிது. வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தோட்டத்தில் வேலை செய்த ஒருவரிடம் அரை மணி நேரம் பேசி, ஒரு பக்கம் எழுத வேண்டும். கதையாகவும் எழுதலாம், பேட்டியாகவும் எழுதலாம். ஒரு நிபந்தனை: அவர் சொன்ன ஒரு சொல்லாவது அவர் சொன்னபடியே இருக்க வேண்டும்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

எஸ்.பி.எம். ஆனாலும் எஸ்.டி.பி.எம். ஆனாலும் நாவல், சிறுகதைக் கேள்விகளில் பின்னணி, களம், பாத்திரப் படைப்பு என்று வரும். அங்கே இந்த வாசிப்பு கைகொடுக்கும். ஆனால் அளவோடு.

1. பின்னணி கேட்டால் காலத்தை ஒரு வரியில் சொல்லுங்கள், பிறகு கதையிலிருந்து சான்று காட்டுங்கள். ஒரு பக்கம் வரலாறு எழுதிவிட்டுக் கதையை மறந்தால் புள்ளி கிடைக்காது.

2. நாவலில் வருவதையெல்லாம் நடந்ததாக எழுதாதீர்கள். "ஆசிரியர் இவ்வாறு காட்டுகிறார்" என்று எழுதுங்கள். கதை வரலாற்றுக்குள் போக ஒரு வாசல், அதுவே பதிவேடு அல்ல.

3. வட்டாரச் சொல்லை மேற்கோளாகப் பயன்படுத்தினால் பொருளையும் சேர்த்து எழுதுங்கள். திருத்துபவர் எந்த ஊர்க்காரரோ தெரியாது.

4. வாசிக்கும்போதே குறிப்பேட்டில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் கதையில் வந்தது, வலப்பக்கம் வரலாற்றில் தெரிந்தது. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் நட்சத்திரம் போடுங்கள். நல்ல கட்டுரைக்கான கருத்து பெரும்பாலும் அந்த நட்சத்திரத்தில்தான் இருக்கும்.

முடிவாக

நூல் கிடைப்பது சிரமம் என்று நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியின் நூலகத்தில் மலேசியத் தமிழ் நாவல்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கின. ஒரு வகுப்புக்கு இரண்டு பிரதி இருந்தாலும் போதும். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும். தோட்டத்தில் பத்திரிகை வாசித்ததும் அப்படித்தான், ஒருவர் வாசிக்க லயமே சுற்றி உட்கார்ந்து கேட்டது. கதை வகுப்பு நடத்திய 'தமிழ் நேசன்' 2019 பிப்ரவரியில் நின்றுவிட்டது. அது செய்த வேலையை இனி நாம்தான் வகுப்பறையில் செய்ய வேண்டும்.

பரோட்டா கேட்ட பையன் மாத முடிவில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தான். தலைப்பு 'பெரட்டு'. எழுத்துப் பிழைகள் இருந்தன. பாட்டி இருட்டில் நடந்து போகிறார், தலையில் விளக்கு, கையில் வாளி. பிந்திவிட்டார், மண்டோர் பெயரைத் தாண்டிப் போய்விட்டார். கதை அங்கேயே நிற்கிறது. நான் திருத்தியது எழுத்துப் பிழைகளை மட்டும்தான்.